சும்மா கிடக்கிற இடம்

ஒன்பது நாள் பயணம் முடிந்து வீடு திரும்பியபோது, தோட்டத்தின் பின்மூலையில் வெறும் மண் தெரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அந்த மூலையில் இரண்டு ஆண்டுகளாக நான் மண்வெட்டி வைத்ததில்லை. எருக்கும் தும்பையும் நாயுருவியும் இடுப்புயரத்துக்கு நின்றிருந்த இடம், பெருக்கி முடித்த முற்றம்போலக் கிடந்தது. விளக்குமாறு இழுத்த கோடுகள்கூட மண்ணில் அழியாமல் இருந்தன. வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக வந்து தங்கியிருந்த அம்மா, ஓர் ஆளை வைத்து, தானும் வெயிலில் நின்று, ஒரு நாள் முழுவதும் செலவழித்து அதைச் சுத்தம் செய்திருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள், "சும்மா கிடக்கிற இடம்தானே கண்ணு, உனக்கு நேரமில்லைன்னு தெரியும், அதான் நானே முடிச்சு வெச்சுட்டேன்" என்றார். அவர் குரலில் இருந்த நிறைவைக் கேட்ட பிறகு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கோபம் வந்தது உண்மை. ஆனால் எழுபது வயதில் எனக்காக வெயிலில் நின்ற ஒருவரிடம் அதை எப்படிக் காட்டுவது? கை கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அன்று இரவு முழுவதும் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது "சும்மா கிடக்கிற இடம்" என்ற அந்தச் சொல்தான். அம்மா புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. விதைக்காத நிலத்தையும் கட்டாத மனையையும் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். மனிதர் கை படாத இடத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று அந்தச் சொல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. களை என்ற சொல்லும் இதற்கு நெருங்கிய உறவுதான். அதில் பெயரும் ஏவலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு செடியைக் களை என்று அழைத்த மாத்திரத்திலேயே அதை என்ன செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. இந்த இரண்டு சொற்களோடும் வளர்ந்த என் அம்மா அந்த மூலையில் வேறு எதைப் பார்த்திருக்க முடியும் என்று யோசித்தபோது கோபம் தணிந்தது. ஆனால் அதன் இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மூலையில் நான் மட்டும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

இரண்டு ஆண்டுகளில் வந்தவை

அந்த மூலையை விட்டுவிடுவது என்று நான் முடிவெடுத்ததற்குப் பின்னால் ஒரு ஆய்வு உண்டு. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 27 ஆண்டுகளாகப் பொறிவைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளை எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்ற முடிவு 2017-இல் வெளிவந்தது. பாதுகாத்து வைத்த இடத்திலேயே நிலைமை இப்படி என்றால், மருந்தடித்துச் சிமெண்ட் பூசிய நம் வீட்டுச் சுற்றுப்புறங்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றியது. 120 சதுர அடி எதையும் மீட்டுவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் சொல்லுக்குக் கட்டுப்பட்ட நிலம் அவ்வளவுதான்.

முதல் பருவத்தில் கோரையும் அருகும் தவிர வேறொன்றும் வரவில்லை. தோற்றுப்போன இடம்போல இருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு புளியாரை தரையோடு படர்ந்தது, வெட்டுக்காயப்பூண்டு மஞ்சள் நடுவுடன் பூத்தது, தும்பை வந்தது, மதிலோரம் பஞ்சுமுடி கட்டிய விதை ஒன்று காற்றில் வந்து விழுந்து எருக்காக எழுந்தது. தொட்டிகளில் முளைத்தால் நான் வழக்கமாகப் பிடுங்கி எறிகிற புளியாரையின் மேல், கட்டைவிரல் நகமளவே உள்ள வெளிர்நீலப் பட்டாம்பூச்சிகள் தாழ்வாகப் பறப்பதைப் பார்த்தபோதுதான் ஓர் அடிப்படை விஷயம் எனக்கு உறைத்தது. வளர்ந்த பட்டாம்பூச்சி தேன் கிடைக்கும் எந்தப் பூவிலும் உட்கார்ந்து குடிக்கும். அதன் புழுவோ தனக்கென்று விதித்த செடியை மட்டுமே தின்னும். அது இல்லையென்றால் பட்டினி கிடந்து சாகும். அந்த நீலச் சிறகுக்குப் புளியாரை, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை வகைச் செடிகள், வெந்தய வரியனுக்கு எருக்கு. அழகான பூச்செடிகளாகப் பார்த்து நட்டுவைக்கும் தோட்டம் பட்டாம்பூச்சிகளுக்கு வழிப்போக்கர் சத்திரம் மாதிரிதான். வந்து குடித்துவிட்டுப் போகலாம், குடும்பம் நடத்த முடியாது.

பறவைகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. விதை தின்னும் பறவைகளில்கூடப் பெரும்பாலானவை குஞ்சுகளைப் புழு கொடுத்துத்தான் வளர்க்கின்றன. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி அடிக்கடி எடுத்துச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. சிக்கடி என்ற சிட்டு, ஒரே ஈற்றுக் குஞ்சுகளைப் பறக்கும் அளவுக்கு வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிட்டின் எடை பத்து கிராமைச் சுற்றித்தான் இருக்கும். இலையில் ஓட்டை விழுந்தால் பதறுகிற நமக்கு அந்த ஓட்டைகளின் கணக்கு வேறெங்கோ எழுதப்படுகிறது என்பது தெரிவதில்லை. எங்கள் மூலைக்குத் தினமும் காலையில் வந்த தையல்சிட்டு ஒவ்வொரு இலையாகத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அது பார்த்த இடத்தை நான் அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை: இலையின் அடிப்பக்கம்.

எருக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது. ஒரே ஒரு எருக்கு. அதன் மெழுகுப் பூக்களுக்கு மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுகள் வந்தன. இளந்தண்டுகளில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான மஞ்சள் நிற அசுவினி அப்பியது. அதைத் தின்னப் பொறிவண்டுகள் வந்தன. அசுவினி விடும் இனிப்புக்கு எறும்புகள் வந்தன. நீலமும் மஞ்சளும் வரிவரியாகத் தீட்டியதுபோன்ற எருக்கு வெட்டுக்கிளி ஒன்று பல வாரம் அதை விட்டு நகரவே இல்லை. வெந்தய வரியனின் புழுக்களும் வந்தன. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் மாறி மாறி ஓடும் உடல். முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகள். அந்தப் புழு தின்னத் தொடங்கும் முன் இலையின் நரம்பைக் கடித்து வைக்கும். எருக்கம்பால் அந்த வெட்டில் வடிந்து தீர்ந்த பிறகு, பால் எட்டாத நுனிப்பக்கத்தைத் தின்னும். அந்தப் பாலின் நஞ்சில் கொஞ்சத்தைத் தன் உடலிலேயே சேர்த்தும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் வளர்ந்த பட்டாம்பூச்சி எந்த அவசரமும் இல்லாமல் மெதுவாகப் பறக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதைத் தொடத் தயங்கும்.

இவற்றையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பயணத்துக்கு முந்தைய நாள் பதிவில் ஏழு புழுக்கள், இரண்டு கூட்டுப்புழுக்கள் என்று இருக்கிறது.

குவியல்

மறுநாள் காலையில் வெட்டிய செடிகள் எங்கே என்று கேட்டேன். மதிலுக்கு அப்பால் அள்ளிப்போட்டிருப்பதாக அம்மா சொன்னார். போய்ப் பார்த்தால், வாடிச் சுருண்ட பச்சைக் குவியலிலிருந்து உயிர்கள் வெளியே நடந்துகொண்டிருந்தன. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பொறிவண்டின் குஞ்சுகள், ஒரு அரணை, முட்டைப்பையைச் சுமந்த சிலந்தி, பெயர் தெரியாத பழுப்புப் பூச்சிகள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. என் பின்னாலேயே வந்த அம்மா சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இவ்வளவும் அதுக்குள்ளயா இருந்துச்சு?" என்று கேட்டார். அதில் வருத்தம் இருந்ததா, அருவருப்பு இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

எருக்கின் கிளைகளைத் தனியே எடுத்துப் புரட்டினேன். புழு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு தடித்த இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கணு அளவு நீளம், இளம்பச்சை நிறம், மேல்பகுதியில் தங்க மைகொண்டு வைத்ததுபோல வரிசையாகச் சிறு புள்ளிகள். அம்மா அதைத் தன் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த இலையைக் காம்போடு ஒரு குச்சியில் கட்டி, ஒரு கண்ணாடிச் சாடிக்குள் நிறுத்தி, மேலே மெல்லிய துணி கட்டிச் சன்னல் திண்டில் வைத்தோம். பட்டாம்பூச்சி வெளியே வரும்போது அம்மாவுக்குக் காட்டிவிட்டால் போதும், நான் சொல்ல முடியாததையெல்லாம் அதுவே சொல்லிவிடும் என்று நம்பினேன்.

அம்மா அதைத் தினமும் நாலைந்து முறை போய்ப் பார்த்தார். நான்காம் நாள் அந்தப் பச்சையில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. சிறகின் நிறம் உள்ளிருந்து தெரியத் தொடங்கியிருக்கிறது என்று நான் விளக்கம் சொன்னேன். அது சிறகில்லை. ஐந்தாம் நாள் பிற்பகல் அம்மா என்னைக் கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கூட்டுப்புழுவின் பக்கவாட்டில் ஊசி முனையளவு ஓட்டை. அதிலிருந்து வெண்மையான ஒரு சிறு புழு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பிசின் நூலைப் பிடித்தபடி சாடியின் அடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று இறங்கி முடித்ததும் இன்னொன்று, பிறகு மூன்றாவது. நூல் வெளிச்சத்தில் மினுங்கியது. மாலைக்குள் அந்த மூன்றும் அசைவற்று, சிவந்த பழுப்பில், நெல்மணியைவிடச் சிறிய உருண்டைகளாக இறுகிவிட்டன. தொங்கிக்கொண்டிருந்த கூடு வெறும் ஓடு.

எனக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது, படித்திருக்கிறேன். டக்கினிட் குடும்பத்து ஈக்களின் குஞ்சுகள். இந்தக் குடும்பத்தில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே வேறு பூச்சிகளின் உடலுக்குள் வளர்பவை. சில இனங்கள் புழுவின் முதுகில் முட்டையை ஒட்டிவிடும். சில இனங்கள் புழு தின்னப்போகும் இலையில் மிகச் சிறிய முட்டைகளை இட்டுவைக்கும், புழு இலையோடு சேர்த்து அவற்றையும் விழுங்கிவிடும். வயல்களில் பயிரைத் தின்னும் புழுக்கள் கட்டுக்கடங்காமல் போகாததற்கு இந்த ஈக்களும் ஒரு காரணம். இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. சாடியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது இனிமே என்ன ஆகும்?" என்று கேட்டார்.

நான் ஈயாகும் என்றேன். "எத்தனை நாள்ல?" பத்துப் பன்னிரண்டு நாள் ஆகலாம் என்றேன். "அதுக்கு மண்ணு வேணுமா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல், போய் ஒரு கை மண் அள்ளிவந்து சாடியின் அடியில் தூவினார். பிறகு துணியைத் திரும்பக் கட்டி, சாடியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

யாருக்காக விட்ட இடம்

அந்த ஒரு கை மண்ணை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூலையை இரண்டு ஆண்டுகளாகக் காத்து வந்தவர் நான். அதை வெட்டியவர் அம்மா. ஆனால் அந்தச் சாடியில் இருந்ததை அது என்னவாக இருக்கிறதோ அதுவாகவே இருக்க விட்டவர் அம்மாதான். எனக்கு வேண்டியிருந்தது பட்டாம்பூச்சி. அது கிடைக்காது என்று தெரிந்ததும் மிச்சமிருந்ததைக் கொட்டிவிடத் தயாராக இருந்தேன்.

நோட்டை எடுத்துத் திரும்பப் படித்தபோது, நான் எழுதிவைத்திருந்ததைவிட எழுதாமல் செய்தவை எனக்குத் தெளிவாக நினைவுக்கு வந்தன. எருக்கின் அசுவினி அதிகமானபோதெல்லாம், செடி வாடிவிடுமோ என்று பயந்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கழுவியிருக்கிறேன். அப்போது பொறிவண்டின் குஞ்சுகளும் சேர்ந்துதான் போயிருக்கும். வெட்டுக்கிளி புழுக்களுக்கு வேண்டிய இலையைத் தின்கிறதே என்று அதைப் பிடித்து மதிலுக்கு வெளியே விட்டிருக்கிறேன். புழுக்களைச் சுற்றும் குளவிகளைக் கைவீசி விரட்டியிருக்கிறேன். காட்டுக்கு விட்ட இடம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் பட்டாம்பூச்சிப் பாத்தி. ரோஜாவுக்குப் பதிலாக வெந்தய வரியனைப் பயிரிட்டிருக்கிறேன். எனக்குப் பிடிக்காதவற்றை வழக்கம்போலக் களைந்திருக்கிறேன். அம்மா ஒரே நாளில் செய்ததை நான் இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் செய்துவந்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையாக இருக்கும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எது இருக்கலாம் என்பதைக் கண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை வைத்து முடிவுசெய்வது.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வாழ்ந்த ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். 1972 முதல் 2001 வரை, முப்பது ஆண்டுகள், தம் வீட்டுத் தோட்டத்தில் கண்ட உயிர்கள் அனைத்தையும் அவர் பதிவு செய்தார். மொத்தம் 2,673 இனங்கள். அதில் 1,997 பூச்சிகள். முதுகெலும்புள்ளவை வெறும் 64. அந்தத் தோட்டம் காடாக விடப்பட்டதுகூட இல்லை. மலர்ப்பாத்தி, காய்கறி, புல்தரை என்று எல்லாம் கொண்ட சாதாரணப் புறநகர்த் தோட்டம். பூச்சிமருந்து மட்டும் அடிக்கமாட்டார். அந்தப் பட்டியலில் என்னைப் பிடித்து நிறுத்துவது, அவர் பிடித்துப் பதிவுசெய்த ஒட்டுண்ணிக் குளவிகளின் பகுதி. நூற்றுக்கணக்கான இனங்கள், அவற்றுள் சில அறிவியலுக்கே அதுவரை தெரியாதவை. எங்கள் சாடியில் இறங்கிய மூன்று புழுக்களைப் போலவே, பிற பூச்சிகளின் உடலில் வளர்பவை. ஒரு தோட்டத்தில் இத்தனை வகை ஒட்டுண்ணிகள் இருக்க வேண்டுமென்றால், அவை வாழ எத்தனை வகைப் பூச்சிகள் அங்கே நிறைந்திருக்க வேண்டும்! கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு ஈ வந்தது என் மூலை கெட்டுவிட்டதற்கு அடையாளமாக எனக்குத் தோன்றியது. ஓவனின் கணக்கைப் பார்த்த பிறகு, அங்கே உயிர்ச்சங்கிலி ஒரு கண்ணி நீண்டிருந்தது என்று புரிந்துகொண்டேன்.

பயமும் ஓரமும்

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். அவருக்கு நாலு வயதுப் பையன் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளாக அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஒவ்வொரு முறையும் பாம்பின் பயனைப் பற்றிப் பேசினேன். குழந்தைக்காகப் பயப்படும் ஒருவருக்கு அது பதில் இல்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. அம்மா மூலையை வெட்டியதற்கு ஒரு காரணம் அந்த அக்காவின் பேச்சு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதில் அவர் மீது எனக்கு வருத்தமில்லை.

பாம்பு வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் பாம்பைக் கூப்பிடுவது எலியும் ஒளிந்துகொள்ள இடமும்தான். எங்கள் வீட்டில் அந்த இரண்டும் மூலையில் இருக்கவில்லை. மதிலோரம் மறந்துபோய் அடுக்கி வைத்திருந்த உடைந்த செங்கலும், கொல்லைப்புறம் கொட்டிய மிச்ச தானியமும்தான் அவை. செங்கலை அப்புறப்படுத்தினேன். அக்காவின் மதிலை ஒட்டி மூன்றடி அகலத்துக்குத் தரை தெரிய ஒரு பட்டையை ஒதுக்கினேன். அதில் புல்கூட வளரவிடுவதில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், அந்தச் செடி பையனின் கைக்கு எட்டாத உட்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. கொசு இன்னொரு கவலை. கொசு இலையில் உற்பத்தியாவதில்லை, தேங்கிய நீரில்தான் உற்பத்தியாகிறது. ஒரு சிரட்டையளவு நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது என்பதால், பறவைகளுக்கு வைத்த தண்ணீர்த் தட்டை நாலு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துவிடுகிறேன்.

நிலவடிவமைப்பு அறிஞர் ஜோன் நாசாவர் 1990-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உயிர்வளம் மிக்க இடம் பெரும்பாலும் பார்வைக்கு ஒழுங்கற்று இருக்கும். ஒழுங்கற்ற இடத்தை மனிதர்கள் கவனிப்பாரற்ற இடமாகவே படிப்பார்கள். ஆகவே யாரோ இதைக் கவனித்து வருகிறார்கள் என்று காட்டும் அடையாளங்களால் அதைச் சூழ வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். வெட்டிச் சீராக்கிய ஓரம், ஒரு சிறு வேலி, நடக்க ஒரு தடம் என்று எதுவாகவும் அது இருக்கலாம். இதை முதலில் படித்தபோது ஊருக்காகப் போடும் வேடமென்று எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஓரம் கட்டியிருந்தால் அம்மா அதை வெட்டியிருக்க மாட்டார். இரண்டு ஆண்டுகளில் நான் மறந்துபோனது அந்த ஒரு வேலைதான். இப்போது முழங்கால் உயரத்துக்கு மூங்கில் தப்பைகளால் ஒரு வேலி இருக்கிறது.

விட்டுவிடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று எண்ணிவிடவும் கூடாது. பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் புகுந்துவிட்டால் வேறெதையும் எழவிடமாட்டா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பது மட்டும் அவற்றின் குற்றமில்லை. வெட்டுக்காயப்பூண்டும் அங்கிருந்து வந்ததுதான், அதன் தேனை இங்குள்ள சிறு பட்டாம்பூச்சிகள் விரும்பிக் குடிக்கின்றன. மற்றவற்றுக்கு இடம் விடாமல் முழுவதையும் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு, வேரோடு எடுத்துவிட வேண்டும். அதன் தூள் தோலையும் மூச்சையும் பாதிக்கும். இங்கே நான் களையெடுப்பவராகத்தான் இருக்கிறேன், இருக்கவும் வேண்டும். அசுவினியைக் கழுவியதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. ஒன்று வந்தால் பல வருகிறதா, பல போகிறதா என்பதுதான் இப்போதைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல். அது எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

வெறும் மண்

அம்மா சுத்தம் செய்து மூன்றாம் வாரம், அந்த வெறும் மண்ணில் பென்சில் நுழையும் அளவில் ஓட்டைகள் தோன்றின. ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் சலித்தெடுத்ததுபோன்ற மண்துகள் வளையம். குந்தி உட்கார்ந்து கால்மணி நேரம் பார்த்தபோது, கால்களில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒரு சிறு தேனீ வந்து தலைகீழாக உள்ளே இறங்கியது. உலகில் 20,000-க்கும் அதிகமான தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஏழு மண்ணுக்குள் தனித்தனியாகக் கூடு அமைப்பவை. அடையும் தேனும் கொண்ட கூட்டமாக வாழ்பவை மிகச் சில. மண்ணில் கூடு அமைப்பவற்றுக்கு அடர்ந்த புதர் உதவாது. வெயில் படுகிற, கிளறாத, திறந்த மண்தான் வேண்டும். நான் இரண்டு ஆண்டுகளாக மூடியே வைத்திருந்ததை அம்மா திறந்துவிட்டிருக்கிறார். அவர் செய்தது நல்லதாகவே முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஏழு புழுக்களும் ஒரே நாளில் போய்விட்டன, அவை திரும்ப வரவில்லை. ஆனாலும் தரிசு வேறு, புதர் வேறு, இரண்டிலும் குடியிருப்போர் வேறு என்பதை அந்த ஓட்டைகளைப் பார்க்காமல் நான் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு மூலையை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கை இந்த ஆண்டு தரையோடு வெட்டித் திறந்து வைப்பது, அடுத்த ஆண்டு அது வளரும்போது இரண்டாவதை வெட்டுவது என்று சுழற்சி வைத்திருக்கிறேன். வெட்டியதை உடனே அள்ளுவதில்லை. இரண்டு நாள் அதே இடத்தில் பரப்பி வைத்தால் உள்ளே இருப்பவை பக்கத்துப் புதருக்குள் நடந்து போய்விடுகின்றன. இந்த யோசனையை அம்மாதான் சொன்னார், அன்று குவியலைப் பார்த்துவிட்டு வந்த மாலையே. காய்ந்த ஒரு முருங்கைக் கிளையை எடுக்காமல் மதிலில் சாய்த்து வைத்திருக்கிறேன்; கருவண்டு அதில் வட்டமான ஒரு வாசலைத் துளைத்துவிட்டது.

சாடியில் இருந்த மூன்றில் இரண்டு ஈக்கள் பதினோராம் நாள் வெளியே வந்தன. வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியவை, சாம்பல் நிறம், உடல் முழுவதும் தடித்த கறுப்பு முட்கள். மூன்றாவது வரவில்லை. அம்மா சாடியை வெளியே எடுத்துப்போய், வேலியோரம் வைத்துத் துணியை அவிழ்த்தார். ஒன்று உடனே போய்விட்டது. மற்றொன்று சாடியின் விளிம்பில் உட்கார்ந்து, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே இருந்தது. அம்மாவும் இருந்தார்.

அவர் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வெட்டிய எருக்கின் அடித்தூரிலிருந்து மூன்று தளிர்கள் ஒரு முழ உயரத்துக்கு வந்திருக்கின்றன. நுனியில் அசுவினி அப்பியிருக்கிறது. குழாயை நான் தொடவில்லை. நேற்று தொலைபேசியில் அம்மா கேட்ட முதல் கேள்வி, எருக்கில் புழு வந்துவிட்டதா என்பது. முட்டை ஒன்று இருக்கிறது, இலையின் அடியில், வெள்ளையாக, கடுகில் பாதி அளவுக்கு என்றேன். "அந்த ஈ?" என்றார்.